ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கும் நாய்: எப்படித் தூக்குறது, அப்புறம் யார் பொறுப்பு?

சர்வீஸ்ரோடு

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஹைவே சர்வீஸ் ரோட்டில் நாய் ஒண்ணு அடிபட்டுக் கிடக்குது. பின்னங்கால் ரெண்டையும் இழுக்குது. கிட்டப் போனா உறுமுது. கூட்டத்துல ஒருத்தர் தண்ணி ஊத்தச் சொல்றார், ஒருத்தர் மஞ்சள் அப்பச் சொல்றார். எப்படித் தூக்குறது, எங்கே கொண்டு போறது? விவரம் தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

மாட்டாஸ்பத்திரி

தண்ணியும் வேணாம், மஞ்சளும் வேணாம். உள்காயம் இருந்தா மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். வயிறு காலியா இருக்கணும். படுத்துக் கிடக்கிற நாய் வாயில் ஊத்தின தண்ணி நுரையீரலுக்குப் போனா அதுவே ஆளை முடிச்சிடும்.

முதல்ல கூட்டத்தை விலக்குங்க. ரோட்டு நடுவுல கிடந்தா பைக்கைக் குறுக்கே நிறுத்தி இண்டிகேட்டர் போடுங்க. அப்புறம் வாயைக் கட்டணும். வலியில இருக்கிற நாய் வளர்த்தவரையே கடிக்கும், உறுமுறதுல தப்பே இல்ல.

மெடிக்கல்ல 3 அங்குல அகல பேண்டேஜ் துணி வாங்குங்க. இல்லன்னா துப்பட்டா போதும். ஒன்றரை மீட்டர் நீளம் வேணும். நடுவுல தளர்வா ஒரு சுருக்கு போட்டு, பக்கவாட்டில் நின்னு (நேரா முகத்தைப் பார்த்து நிக்காதீங்க) மூக்குத்தண்டு மேல மாட்டி இறுக்குங்க. ரெண்டு முனையையும் தாடைக்குக் கீழே குறுக்கா கொண்டு போய், காதுக்குப் பின்னால பிடரியில் உருவு முடிச்சா கட்டுங்க. இழுத்தா ஒரே இழுப்புல அவிழணும். வாந்தி எடுத்தாலோ மூச்சு திணறினாலோ அந்த நொடியே உருவிடணும். நாய்க்கு மூச்சிரைப்புதான் வேர்வை. நம்ம ஊர் வெயிலில் வாயைக் கட்டி வச்சா சூடு தலைக்கு ஏறிடும், அதனால வண்டியில் ஏத்தி இறக்குற நேரத்துக்கு மட்டும் கட்டுங்க. மூக்கில் ரத்தம் வந்தா கட்டவே கூடாது. அப்போ தடிமனான போர்வையை நாலா மடிச்சுத் தலை மேல போட்டு மூடிட்டுத் தூக்குங்க.

மக்கன்பேடா_ஆற்காடு

கையுறையையும் சேர்த்துக்கோங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கையுறைக்குப் பஞ்சமே இல்ல, வெல்டிங் கடையில கேட்டாலும் இருக்கும். பல் அதைச் சுலபமா துளைக்காது, ஆனா கையை நசுக்கும். அதை நம்பி வாய்க்கிட்ட கையைக் கொண்டு போகாதீங்க.

தூக்குறது: பின்னங்கால் இழுக்குதுன்னா இடுப்பெலும்போ முதுகெலும்போ போயிருக்கலாம். கக்கத்தில் கை கொடுத்துத் தொங்கவிட்டுத் தூக்கினா, பாதி அறுந்த தண்டுவடம் முழுசா அறுந்துடும். பலகை, பிளைவுட், எதுவும் இல்லன்னா ஃபிளெக்ஸ் பேனரை நாலா மடிச்சா நல்ல ஸ்ட்ரெச்சர் (நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்). பலகையை முதுகுப் பக்கம் ஒட்டி வச்சு, ஒருத்தர் தோளையும் ஒருத்தர் இடுப்பையும் பிடிச்சு ஒரே நேரத்துல வழுக்கிப் பலகை மேல இழுக்கணும். ரெண்டு துண்டால தோள்பட்டைக்குப் பின்னாலயும் இடுப்புக்கு முன்னாலயும் மிதமா கட்டிடுங்க. உடைஞ்ச காலுக்கு நீங்களே குச்சி வச்சுக் கட்ட வேணாம். கட்டுக்குள்ள மேல் மூட்டும் கீழ் மூட்டும் வரலைன்னா, குச்சியோட கனமே எலும்பை இன்னும் விலக்கும்.

வாயைக் கட்டின பிறகு, பக்கவாட்டில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பா இருக்கணும். கட்டைவிரலால அழுத்தி எடுத்தா வெள்ளையாகி, 2 விநாடிக்குள்ள நிறம் திரும்பணும். திரும்ப நேரமானாலோ, ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தாலோ உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னு அர்த்தம். எக்ஸ்ரேவுக்கு அலையாம முதல்ல டிரிப் போடுற இடத்துக்கு ஓடணும். நாட்டு நாய் பலதுக்கு ஈறே கறுப்பா இருக்கும். அப்போ கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்க.

வெளியே ரத்தம் வந்தா சுத்தமான துணியை வச்சு 5 நிமிஷம் விடாம அழுத்துங்க. நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்த்தா உறைஞ்சதும் பிச்சுக்கிட்டு வரும். துணி நனைஞ்சா மேலயே இன்னொண்ணு வைங்க.

கோட்டை_அகழி

எங்கே போறதுங்கிறதுக்கு: கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி "எக்ஸ்ரே இருக்கா, டாக்டர் இப்ப இருக்காரா" ரெண்டையும் கேளுங்க. அரசு கால்நடை மருந்தகம் எல்லாத்துலயும் எக்ஸ்ரே இருக்காது, மதியத்துக்கு மேல டாக்டர் கிராமத்துக்குப் போயிருப்பார். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண். பெரும்பாலும் மாட்டுக்குத்தான் ஓடுது, இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறதுல நஷ்டமில்ல. எலும்புக்கு பிளேட் வைக்கிற அளவு ஆபரேஷன்னா கடைசியில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். ஆனா ஈறு வெளுத்த நாயை அவ்வளவு தூரம் கொண்டு போகாதீங்க. முதல்ல இங்க நிலைப்படுத்தணும்.

வண்டிக்கு ஆட்டோவை விடக் குட்டியானை நல்லது, பலகையோட நேரா வைக்கலாம். பின்னால தார்ப்பாய் நிழல் இருக்கான்னு பாருங்க. இரும்புத் தகடு மேல வெறுமனே படுக்க வைக்காதீங்க, சாக்கு விரிங்க.

தொரப்பாடி_பையன்

வலி தாங்காம கத்துதுன்னா போற வழியில் பாதி பாராசிட்டமால் கொடுக்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கிறதுதானே.

மாட்டாஸ்பத்திரி

கூடாது தம்பி. பாராசிட்டமால், ஐபூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூணையும் கையில் எடுக்காதீங்க. நாயோட ஈரலும் சிறுநீரகமும் குடலும் நம்மது மாதிரி இல்ல. ஏற்கெனவே ரத்தம் இழந்த நாய்க்கு வலிமாத்திரை போச்சுன்னா சிறுநீரகம் நின்னுடலாம். வலிக்கு மெலாக்சிகாம் கொடுப்பாங்க, அதையும் நீர்ச்சத்து ஏத்தின பிறகு எடை பார்த்துத்தான். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் போடுறதையே 2006-ல தடை பண்ணிட்டாங்க. அது பிணந்தின்னிக் கழுகுகளுக்காக வந்த தடை, இருந்தாலும் நினைவுல வச்சுக்கோங்க.

சேண்பாக்கம்

வெறி பத்தி யாரும் சொல்லலையே? எனக்கு அதுதான் முதல் கேள்வி. "பாவம்"னு கையைக் கொடுத்துட்டு ஊசி போடாமப் போனவங்க கதை நாட்டுல நிறைய.

பெண்ட்லண்ட்_நர்ஸ்

சொல்றேன். வெறி வந்த நாய் எல்லாம் ஓடி ஓடிக் கடிக்காது. ஒரு வகை சாதுவா மூலையில் ஒண்டிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், முழுங்க முடியாது, குரல் மாறும், பின்னங்கால் தள்ளாடும். பார்க்கிறவங்களுக்கு "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு"ன்னு தோணும். அப்படி நினைச்சுத்தான் கையை வாய்க்குள்ள விடுவாங்க. வண்டி மோதின அடையாளம் (சிராய்ப்பு, ரத்தம், ரோட்டுத் தார் ஒட்டின முடி) எதுவும் இல்லாம கால் இழுக்கிற, எச்சில் வடிக்கிற நாயைத் தொடவே தொடாதீங்க. மாநகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லிட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்துங்க.

கடி பட்டாலோ, நகம் கீறி ரத்தம் வந்தாலோ, இருக்கிற காயத்துல எச்சில் பட்டாலோ: ஓடுற குழாய்த் தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம், கடிகாரம் பார்த்துக் கழுவணும். வைரஸோட மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைக்கும். பிறகு போவிடோன் அயோடின். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் வேணாம். கட்டும் போடாதீங்க, தையலும் உடனே போட மாட்டாங்க.

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். தோலுக்குள்ள போடுற முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்கள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் 0.1 மில்லி. தசையில போட்டா 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடின்னா முதல் நாளே காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (தயாரா இருக்கிற எதிர்ப்புச் சக்தி மருந்து) போடணும். ஊசி வேலை செஞ்சு உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் காவல் அதுதான். ரத்தம் வந்தும் வெறும் தடுப்பூசி போட்டு அனுப்பினா நீங்களே வாய்விட்டுக் கேளுங்க. "நாயை 10 நாள் பார்த்துட்டு ஊசி போடலாம்"ங்கிறது தப்பு. ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் நாயைக் கவனிக்கணும். தொப்புளைச் சுத்திப் போடுற காலம் போயே போச்சு, அந்தப் பயத்துல யாரும் ஒளிய வேணாம்.

அடிக்கடி நாயைத் தூக்குறவங்க கடிபடும் முன்னாடியே 0, 7, 21 நாள்ல மூணு ஊசி போட்டுக்கலாம். அப்புறம் கடிபட்டா 0, 3 ரெண்டே ஊசிதான், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. மூணு வீட்டுக்கு ஒருத்தர் தெருநாய்க்குச் சோறு வைக்கிற ஊர்ல இதை யாரும் செய்யறதில்லைங்கிறதுதான் என் ஆதங்கம்.

சர்வீஸ்ரோடு

குட்டியானையில் ஏத்தியாச்சு. ஈறு சிவப்பாத்தான் இருக்கு. கழுத்துல இப்பத்தான் பார்க்கிறோம்: நைலான் கயிறு தோலுக்குள்ள பதிஞ்சு கிடக்கு, முடிக்கு அடியில் குழி, புழு நெளியுது. நாத்தம் தாங்கல. கயிறை இழுத்து எடுத்துடவா? டிரைவர் அண்ணன் பாச்சா உருண்டையைப் பொடி பண்ணிப் போடச் சொல்றார்.

மாட்டாஸ்பத்திரி

இழுக்காதீங்க. பதிஞ்ச கயிறு மேல புதுச் சதை வளர்ந்திருக்கும், பக்கத்துலயே கழுத்து ரத்தக்குழாய். மயக்கம் கொடுத்துத்தான் வெட்டி எடுப்பாங்க.

பாச்சா உருண்டை விஷம், புண் வழியாவே ரத்தத்துல ஏறும். கற்பூரம், ஃபினாயில், பெட்ரோலும் அப்படித்தான். டர்பன்டைன் எண்ணெயை ஆஸ்பத்திரியில் பஞ்சுல நனைச்சுக் குழிக்குள்ள கொஞ்ச நேரம் வச்சு எடுப்பாங்க. நம்ம ஆளுங்க பாட்டிலையே கவிழ்த்துடுவாங்க, புண்ணும் வெந்து, நக்கினா வயிறும் கெடும்.

புழு எடுக்கிற முறையைச் சொல்லி வைக்கிறேன், பின்னால தினமும் செய்ய வேண்டி வரும். மழுங்கின முனைக் கத்தரியால புண்ணைச் சுத்தி 2 அங்குலத்துக்கு முடியை வெட்டணும். ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சால சலைன் அடிச்சுக் குழியைக் கழுவணும். சலைன் இல்லன்னா கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணியில் 9 கிராம் உப்பு. டாக்டர் சொன்ன புழுக்கொல்லி ஸ்பிரேயை அடிச்சுக் கொஞ்ச நேரம் விட்டா புழு மூச்சுக்கு மேல வரும். அப்போ முறுக்காம, நசுக்காம இடுக்கியால எடுக்கணும். கண்ணுக்குப் பக்கத்துப் புண்ணுன்னா ஸ்பிரே கூடாது. முதல் நாளே எல்லாம் வந்துடும்னு நினைக்காதீங்க. ஆழத்துல இருக்கிறது அடுத்தடுத்த நாள்தான் வரும், ஈ இட்ட முட்டையும் ஒரு நாளுக்குள்ள பொரிக்கும். குழி சிவந்து ரத்தம் கசிஞ்சா அதுதான் நல்ல சதை. ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் நுரைக்க நுரைக்க ஊத்தினா அந்தச் சதையும் செத்துடும். போவிடோனைத் தண்ணியில் கலந்து டீ நிறத்துக்கு நீர்த்து ஊத்தினாலே போதும்.

ஐவர்மெக்டின் ஊசியை மெடிக்கல்ல வாங்கிச் சொந்தமா போடுறவங்களும் இருக்காங்க. மாட்டுக்கு வர்ற பாட்டில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னு வச்சா 3 மில்லிகிராம், அதாவது 0.3 மில்லி. புள்ளியை மறந்து 3 மில்லி ஏத்தினா பத்து மடங்கு. நாய் தள்ளாடி, கண் தெரியாம, கோமாவுக்கே போகலாம்.

மக்கன்பேடா_ஆற்காடு

கழுத்துல கயிறுன்னா அது தெருநாய் இல்லீங்க. யாரோ குட்டியில் கட்டின கயிறு. குட்டி வளர்ந்துச்சு, கயிறு வளரல. 3 மாசத்துல கட்டினது 6 மாசத்துல தோலை அறுக்க ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை கயிறுக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுதான்னு பார்த்திருந்தா முடிஞ்ச கதை. "தெருநாய்த் தொல்லை"ன்னு மனு கொடுக்கிறோமே, அதுல பல இப்படி வீட்டு வாசல்ல கட்டியிருந்து அவுத்து விட்டதும், அதுங்களோட குட்டிகளும்தான்.

காந்திநகர்_3வதுதெரு

அப்போ தினம் சோறு போடுறவங்க மட்டும் யோக்கியமா? எங்க தெருவுல ஒருத்தர் கேட்டு முன்னால பிரியாணி எலும்பைக் கொட்டிட்டுப் போயிடுறார். ராத்திரி டியூட்டி முடிச்சு வர்றவன் பைக்கைத் துரத்துது. கேட்டா "என் நாய் இல்ல"ங்கிறார். சோறு போட்டா அவர்தான் ஓனர், கடிச்சா அவர்தான் செலவு ஏத்துக்கணும்.

கோட்டை_அகழி

சட்டம் அவ்வளவு நேரா இல்ல சார். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி தெருநாய் 'சமுதாய நாய்'. கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி ரெண்டும் உள்ளாட்சியோட வேலை. முடிச்சுக் காதில் வெட்டு அடையாளம் போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். சோறு வைக்கலாம், ஆனா குழந்தைங்க விளையாடுற இடம், மாடிப்படி, வாசல் இதையெல்லாம் விட்டுத் தள்ளி, குடியிருப்போர் சங்கத்தோட பேசி முடிவான இடத்துல, ஆள் நடமாட்டம் குறைஞ்ச நேரத்துல. 2025 ஆகஸ்ட் 22-ல உச்ச நீதிமன்றமும் குறிச்ச இடத்துல மட்டும்தான் சோறுன்னு சொல்லிடுச்சு. உங்க தெருக்காரர் கேட்டு முன்னால கொட்டுறது அந்த வகையில் தப்புதான், ஆனா சோறு வச்சதால மட்டும் ஓனர் ஆகிட மாட்டார்.

அதே வருஷம் நவம்பர் 7-ல வந்த உத்தரவு வேற: பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்கள்ல பிடிச்ச நாயைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது, காப்பகத்துக்குப் போகணும். நோயாளியும் மாணவனும் நிரம்பி வழியிற நம்ம ஊர்ல இது பெரிய விஷயம். ஒரு நாயை வைத்தியம் பார்த்துத் திரும்ப விடணும்னா, அது வளாகத்துக்குள்ள கிடந்ததா, வெளியே ரோட்டுல கிடந்ததான்னு முதல்லயே எழுதி வச்சுக்கோங்க.

வளர்த்து அவுத்து விட்டவங்க விஷயத்துல, 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவு நாயைக் கைவிடுறதைக் குற்றம்னு சொல்லுது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பிளேட் இட்லிக்குக்கூட வராது. கொன்னாலோ ஊனமாக்கினாலோதான் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 325-ஆம் பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. வளர்ப்பு நாயை அஜாக்கிரதையா விட்டு அடுத்தவனுக்கு ஆபத்துன்னா அதே சட்டத்துல 291-ஆம் பிரிவு.

சர்வீஸ்ரோடு

எக்ஸ்ரே எடுத்தாச்சு. இடுப்பெலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு, முதுகெலும்பு நல்லா இருக்கு. பெண் நாய், 14 கிலோ. கால் விரலை இடுக்கியால கிள்ளினப்போ தலையைத் திருப்பிக் கத்துச்சு, அது நல்ல அறிகுறின்னாங்க. ஆபரேஷன் வேணாம், கூண்டு ஓய்வு போதும்னு சொல்லிட்டாங்க. கயிறை எடுத்துட்டாங்க. வீட்டுல எப்படி வச்சுக்கிறது?

மாட்டாஸ்பத்திரி

கத்தினதுதான் முக்கியம். காலை உதறிக்கிட்டா மட்டும் போதாது, அது தண்டுவடத்தோட தானியங்கி வேலை. தலையைத் திருப்பிச்சுன்னா வலி மூளைக்குப் போகுதுன்னு அர்த்தம், நடக்க வாய்ப்பு நல்லா இருக்கு.

4 முதல் 6 வாரம் கூண்டு. 4 அடிக்கு 3 அடி; திரும்பிப் படுக்கணும், தாவக் கூடாது. டைல்ஸ் தரை வேண்டவே வேணாம், கால் வழுக்கி ரெண்டு பக்கம் விரிஞ்சா ஒட்டின எலும்பு மறுபடி விலகும். கீழே கயித்துப்பாய் அல்லது சாக்கு, மேல பழைய பெட்ஷீட், நனைஞ்சதும் மாத்துங்க. தானா திரும்பலைன்னா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைங்க, இல்லன்னா இடுப்பு முனையில படுக்கைப் புண் வரும், மறுபடி ஈ, மறுபடி புழு.

முதல் 24 மணி நேரத்துல மூத்திரம் போச்சான்னு கட்டாயம் பாருங்க. போகலைன்னா மூத்திரப்பை கிழிஞ்சிருக்கலாம், உடனே திரும்பக் கொண்டு போங்க. மலம் போக மூணு நாள் ஆகலாம். முக்கி முக்கி வரலைன்னா எலும்பு வழியை நெருக்குது. குழைஞ்ச சோறு, வேகவச்ச கோழி, பரங்கிக்காய் கொடுங்க. வெங்காயம் போட்ட குழம்பு கூடாது, வெந்த எலும்பு கூடாது. ஆம்பூரோ ஆற்காடோ, பிரியாணி எலும்பு குடலைக் கிழிக்கிறதுல வித்தியாசம் இல்ல. தண்ணி ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. உங்க நாய்க்கு முக்கால் லிட்டர் சொச்சம், கோடையில இன்னும் கூட.

இன்னொண்ணு. இடுப்பு உடைஞ்சு ஒட்டின பெண் நாய்க்குப் பிறப்புப் பாதை குறுகிடலாம். சினை பிடிச்சா குட்டி சிக்கித் தாயும் குட்டியும் சாகலாம். புண் ஆறினதும் கருத்தடை பண்ணாம வெளியே விடாதீங்க. அதே நாள்ல வெறிநோய்த் தடுப்பூசியும் கேளுங்க.

சேண்பாக்கம்

ஆறு வாரம் கூண்டுல வச்சு, கையால சோறு போட்டுட்டு, அப்புறம் ஹைவேயில விடுவீங்களா? எனக்குத் தெரிஞ்சு நியாயம் இல்ல.

காந்திநகர்_3வதுதெரு

அதைத்தான் நானும் கேட்கிறேன். தூக்கிட்டுப் போறவரைக்கும் எல்லாரும் வீரர்.

மக்கன்பேடா_ஆற்காடு

ரெண்டு பேர் சொல்றதும் சரி. கயிறு கட்டியிருந்த நாய்க்குத் தெருவுல இடம் கிடையாது. அங்கே இருக்கிற கூட்டம் துரத்தும், அது திரும்ப ரோட்டுக்குத்தான் ஓடும். வீடு தேடிக் கொடுக்கணும். கொடுக்கும்போது கேட்கிறவர்கிட்ட கேளுங்க: பகல்ல யார் வீட்டுல இருப்பாங்க, வாடகை வீடுன்னா ஓனர் ஒத்துக்கிட்டாரா, ஊருக்குப் போனா யார் பார்ப்பாங்க. மொட்டை மாடியில் கட்டி வைக்கிறவர்னா கொடுக்காதீங்க. கத்திரி வெயில்ல வேலூர் மொட்டை மாடி தோசைக்கல். நாய் உடம்புச் சூடு சாதாரணமாவே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினா மூளை கெட ஆரம்பிக்கும். அப்படி ஆச்சுன்னா ஐஸ் வைக்காம, குழாய்த் தண்ணியை வயித்துலயும் தொடையிடுக்குலயும் ஊத்தி மின்விசிறி போடணும். 103-க்கு வந்ததும் நிறுத்திடணும், இல்லன்னா ஒரேயடியா குளிர்ந்துடும்.

குட்டி எடுக்கிறவங்களுக்கும்: 6 முதல் 8 வாரத்துல முதல் கூட்டு ஊசி (பல நோய்க்குச் சேர்த்துப் போடுற தடுப்பூசி), 3-4 வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரைக்கும். 3 மாசத்துல வெறிநோய் ஊசி, பிறகு வருஷா வருஷம். பூச்சி மருந்து 2 வார வயசுல தொடங்கி 3 மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஊசி போட்ட அட்டையைப் பத்திரமா வைங்க. கடிச்சுட்டா டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.

சர்வீஸ்ரோடு

வீடு ஒண்ணு பேசிட்டிருக்கோம், தனி வீடு, காம்பவுண்டு இருக்கு. கருத்தடை முடிஞ்சுதான் கொடுக்கிறோம். இப்போதைக்குப் பிரச்சினை கழுத்துப் புண்ணைப் பின்னங்காலால சொறியப் பார்க்குது, இடுப்புக் காயத்தை நக்குது. நக்காம இருக்கக் கழுத்துல மாட்டுற பிளாஸ்டிக் கூம்பு இதோட அளவுக்கு எங்கேயும் கிடைக்கல, கழுத்துல புண்ணு இருக்கிறதால மாட்டவும் பயமா இருக்கு.

பெண்ட்லண்ட்_நர்ஸ்

மெல்லிசான 5 லிட்டர் பிளாஸ்டிக் வாளி வாங்குங்க. அடிப்பகுதியைத் தலை நுழையிற அளவுக்கு வட்டமா வெட்டுங்க. வெட்டின விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து கவிழ்த்து ஒட்டுங்க, இல்லன்னா அதுவே புது அறுப்பு ஆகிடும். கழுத்துல கட்டாம, வெட்டின விளிம்புப் பக்கம் நாலு துளை போட்டு, முன்னங்கால்களுக்குப் பின்னால மார்பைச் சுத்தின துணிப்பட்டையில நாலு நாடாவால கட்டுங்க. பாரம் மார்புக்குப் போகும். வாளியோட வாய் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டிக்கிட்டு இருக்கணும், குறைஞ்சா நாக்கு எட்டும். சாப்பிடும்போது கழட்டிட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. தையல் போட்டிருந்தா பிரிக்க 10 முதல் 14 நாள். சொறியிற பின்னங்காலுக்குக் குழந்தை சாக்ஸ் மாட்டி மேல மைக்ரோபோர் டேப் ஒட்டுங்க, ரப்பர் பேண்டு போடாதீங்க.

சர்வீஸ்ரோடு

நன்றி அக்கா. சைக்கிள் டியூப் இருக்கு, வாளி வாங்கிட்டு வர்றேன்.